மைலேஜ் இயல்

பெரிய வண்டி எனப்படுவது யாது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். வரையறை இல்லாத பொருளை ஆராய்வது பஞ்சரான டயருக்குக் காற்றடிப்பது போன்றது. 2022 டிசம்பரில் கூடிய 48ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான்கு இலக்கணங்களைத் தெளிவுபடுத்தியது. நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இன்ஜின் 1500 சிசிக்கு மேல் இருக்க வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி இருக்க வேண்டும். நான்காவதாக, மக்கள் வழக்கில் அது எஸ்.யு.வி. என்று அழைக்கப்பட வேண்டும். முதல் மூன்றும் அளவுகோலால் அறியப்படுபவை. நான்காவது காதால் அறியப்படுவது. எப்பெயரிட்டு அழைத்தாலும் வரி ஒன்றே என்று கூறி, அடுத்த ஆண்டே கவுன்சில் நான்காவதைக் கைவிட்டது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அந்த நான்காவது இலக்கணம் இன்னும் நடப்பில் உள்ளது. சிப்காட் தொழிற்சாலை வாசலில் காவலாளி எழுந்து நின்றால் வந்தது பெரிய வண்டி. உட்கார்ந்தபடியே கைகாட்டினால் வந்தது கார். பாதி எழுந்து மீண்டும் அமர்தல் என்றோர் இடைநிலையும் உண்டு. அது உயரமாகத் தோன்றி நீளத்தில் 4000 மில்லிமீட்டரைத் தாண்டாத வண்டிகளுக்குரியது. இவ்வியல் முழுவதும் காவலாளி முழுமையாக எழுந்து நிற்கும் வண்டிகளைப் பற்றியதே.

இவ்வாராய்ச்சிக்குக் கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டம் தனி உரிமை உடையது. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் மிட்சுபிஷி லான்சர் 1998 முதலும், பஜேரோ 2002 முதலும் உருவாயின. 2012இல் பஜேரோ ஸ்போர்ட் வந்தது. இசுஸு நிறுவனம் 2016இல் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறக்கும் வரை, அதன் வண்டிகளும் இங்கேயே பூட்டப்பட்டன. இன்று அதே வளாகத்திலிருந்து சிட்ரோயன் வண்டிகள் வெளிவருகின்றன. பஜேரோவின் இன்ஜின் 2835 சிசி. எடை இரண்டு டன் அளவு. அதனைப் பூட்டி அனுப்பிய மண்ணில் அதன் மைலேஜைக் குறித்து முறையான நூல் ஒன்று தோன்றாதிருப்பது பெருங்குறை. அக்குறையில் ஒரு சிறு பகுதியையேனும் இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

சொல்லாராய்ச்சி அடுத்தது. தமிழில் வண்டி மைலேஜைக் கொடுக்கும். "லிட்டருக்கு என்ன கொடுக்குது?" என்பதே கேள்வியின் நிலைத்த வடிவம். மாட்டைக் குறித்தும் இதே வட்டாரத்தில், இதே குரலில், "எத்தனை லிட்டர் கொடுக்குது?" என்று கேட்கிறார்கள். இரண்டிலும் லிட்டர் உண்டு. இரண்டிலும் வினைச்சொல் ஒன்றே. மாட்டிடம் லிட்டரைப் பெறுகிறோம். வண்டிக்கு லிட்டரைத் தருகிறோம். இந்த வேறுபாட்டை மொழி மறைத்துவிட்டதால்தான், குறைந்த மைலேஜுக்கு வண்டியே பொறுப்பு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கொடுப்பது எதுவோ அதுவே குறைக்கவும் செய்கிறது என்று மனம் கருதிக்கொள்கிறது. உண்மையில் வண்டி எதையும் கொடுப்பதில்லை. கொடுத்ததை எங்கெங்கே இழக்கிறது என்பதே ஆராய்ச்சிக்குரிய பொருள்.

மைலேஜ் நால்வகைப்படும்: சொன்ன மைலேஜ், காட்டும் மைலேஜ், சொல்லும் மைலேஜ், கிடைக்கும் மைலேஜ். சொன்ன மைலேஜ் என்பது நிறுவனம் சொன்னது. அது இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகளின் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டிப் பெறப்படுவது. அக்கூடத்தில் எதிர்க்காற்று இல்லை, வேகத்தடை இல்லை, மாடு இல்லை. காட்டும் மைலேஜ் என்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் திரையில் ஒளிர்வது. கணக்கு வண்டியினுடையது என்பதால் பெரும்பாலும் அது வண்டிக்கே சாதகமாக இருக்கும். சொல்லும் மைலேஜ் என்பது உரிமையாளர் பிறரிடம் சொல்வது. இது இரு பிரிவாகும். வாங்கிய ஓராண்டுக்குள் சொல்வது கூடுதலாகவும், விற்கப் போகும் மாதத்தில் சொல்வது அதனினும் கூடுதலாகவும் அமையும். வீட்டில் சொல்வது தனிவகை என்று கருதுவோர் உண்டு. அது விலையைச் சார்ந்தது, மைலேஜைச் சார்ந்தது அன்று என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.

எஞ்சியிருப்பது கிடைக்கும் மைலேஜ். அதனை அறியும் வழி ஒன்றே ஒன்று: டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது. வழி எளிது, நிரப்புதல் என்ற சொல்தான் கடினம். பங்க்கில் நிரப்புதல் மூன்று விதமாக நிகழ்கிறது. குழாய் தானாக நின்றவுடன் நிறுத்துவது ஆட்டோ கட். அதன்பின் விட்டுவிட்டு அழுத்தி, டீசல் கண்ணுக்குத் தெரியும் வரை ஊற்றுவது முட்ட முட்ட. இரண்டுக்கும் இடையில், பணத்தை முழு எண்ணாக்குவதற்காக ஊற்றுவது ரவுண்டு. "சார், ஜீரோ பாத்துக்குங்க" என்று தொடங்கும் பங்க் ஊழியர், 2963 ரூபாயில் குழாய் நின்றதும் முகத்தைப் பார்க்கிறார். "மூவாயிரமா போட்டுடட்டா?" தலையசைத்த அந்தக் கணத்தில் 37 ரூபாய்க்கு, ஏறத்தாழ 400 மில்லி டீசல் கூடுதலாக உள்ளே போகிறது. 32 லிட்டர் என்று வர வேண்டிய கணக்கு 32.4 ஆகிறது, 11 கொடுத்த வண்டி 10.9 கொடுத்ததாகப் பதிவாகிறது. ஒரு தலையசைப்பின் விலை லிட்டருக்கு 100 மீட்டருக்கும் மேல். சில்லறைக் கூச்சமும் மைலேஜ் ஆராய்ச்சியும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்து வாழ முடியாது. ஒரே பங்க், ஒரே குழாய், ஆட்டோ கட், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை என்ற ஒழுக்கம் உடையவரே தம் எண்ணை வெளியில் சொல்லத் தகுதி உடையவர்.

இனி இழப்புகளுக்கு வரலாம். 2100 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஐந்து லட்சம் ஜூல் அளவு இயக்க ஆற்றல் உள்ளது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருப்பது சுமார் 3.6 கோடி ஜூல். அதில் சக்கரம் வரை வந்து சேர்வது பத்தில் மூன்று பங்கு. ஆகவே நின்ற வண்டியை 80க்குக் கொண்டுவர 50 மில்லி டீசல் வேண்டும். டீக்கடைத் தம்ளரில் அது பாதி. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த அரைத் தம்ளர் தந்த இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக் தகட்டில் வெப்பமாகி, தச்சூர் கூட்டுச்சாலையின் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த வட்டாரக் காற்றுக்குக் கூடுதல் வெப்பம் தேவைப்பட்டதாக எக்காலத்திலும் தகவல் இல்லை.

வேகத்தடையும் மேம்பாலமும் ஒப்பிட்டு நோக்கத் தக்கவை. 40இல் வந்த வண்டி வேகத்தடைக்காக 10க்குக் குறைந்து மறுபடி 40ஐ அடைய ஏறத்தாழ 11 மில்லி டீசல் செலவாகிறது. அதே வண்டி ஆறு மீட்டர் உயரமுள்ள மேம்பாலத்தில் ஏறக் கூடுதலாகச் செலவாவதும் ஏறத்தாழ 11 மில்லியே, இரண்டு தேக்கரண்டி. அளவில் சமமான இவ்விரண்டும் குணத்தில் வேறானவை. மேம்பாலம் வாங்கிய இரண்டு கரண்டியையும் இறக்கத்தில் திருப்பித் தருகிறது, வேகத்தடை தருவதில்லை. மேம்பாலத்தை வங்கி வைப்புக்கும் வேகத்தடையை மொய்க்கும் ஒப்பிடலாம். மொய்யும் திரும்பி வரும் என்போர் வேகத்தடையை அறியாதவர். ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதிப்பவருக்கு மேம்பாலமும் எதையும் தருவதில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம் என்று இங்கே பலர் உறுதியாக நம்புகிறார்கள். இக்கால காமன் ரெயில் இன்ஜினில் கியரிலேயே இருந்து காலை எடுத்தால் டீசல் அடியோடு நின்றுவிடுகிறது, சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாதிருக்க டீசல் போயாக வேண்டும். கட்டுப்பாடு குறைவதும் டீசல் போவதும் ஒருங்கே நிகழும் அரிய வழக்கம் இது.

ஆகவே முதன்மையான விதி பிரேக்கைப் பற்றியது. முன்னே போகும் வண்டியைப் பார்த்து ஓட்டுபவர் பிரேக் மிதிக்கிறார். அதற்கு முன்னே போகும் வண்டியைப் பார்த்து ஓட்டுபவர் காலை எடுக்கிறார். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலிருந்து கம்பி ஏற்றிய டிரெய்லர் லாரிகள் இங்குள்ள சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலையில் நிறைய. வலப்பக்கத் தடத்தில் ஒன்று 45இல் போய்க்கொண்டிருந்தால் அதனை அரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே பார்க்க முடியும். பெரிய வண்டியின் உயரமான இருக்கை அதற்கென்றே அமைந்தது. அங்கேயே காலை எடுத்தால் போதும். கம்பி நுனியில் கட்டிய சிவப்புத் துணியின் நூல் பிரிந்திருப்பது தெரியும் வரை போய் மிதிப்பது டீசலுக்கு மட்டும் கேடன்று. லாரிக்குப் பின்னால் ஒட்டிப்போனால் காற்றுத்தடை குறையும் என்பது பௌதிகப்படி உண்மையே. 80 வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம் என்பதும் பௌதிகமே. இரண்டாவது உண்மை முதலாவதை விடப் பெரியது.

காற்றைத் தனியே ஆராய வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். இத்தகைய வண்டிக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் சாலை இழுப்பதும் காற்று இழுப்பதும் ஏறத்தாழச் சமம். அதற்கு மேல் போவதெல்லாம் காற்றோடு செய்யும் வழக்கு. 80இலிருந்து 100க்குப் போனால் காற்றின் பங்கு 56 விழுக்காடும், மொத்த இழுவை மூன்றில் ஒரு பங்கும் கூடுகின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து செங்குன்றம் வரையுள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டரை 100இல் கடந்தால் மிச்சமாவது நாலரை நிமிடம். அந்த நாலரை நிமிடத்தைச் செங்குன்றம் நெரிசல் வாங்கிக்கொள்கிறது. 1974இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது அமெரிக்கா நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக்கியது. அது ஏறத்தாழ 88 கிலோமீட்டர். நம் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் இன்னும் கண்டிப்பானது. 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே அது பரிந்துரைக்கிறது. ஆறுவழிச் சாலையில் 45இல் போகும் பெரிய வண்டியைப் பின்னால் வருபவர்கள் எவ்வாறு அழைப்பார்கள் என்பது அக்கழகத்தின் ஆராய்ச்சி எல்லைக்குள் வருவதில்லை. 80 என்பது இரு தரப்பும் தாங்கக்கூடிய சமரசம்.

சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலை இங்கே வடக்குத் தெற்காகச் செல்கிறது. கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். எனவே பகலுணவுக்குப் பின் சென்னைக்குக் கிளம்புபவர் காற்றை எதிர்த்தும், சென்னையிலிருந்து திரும்புபவர் காற்றோடும் போகிறார். போகும்போது இழந்ததை வரும்போது பெறலாம் என்று இதனை எளிதாகக் கருதிவிடுகிறார்கள். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. 80இல் போகும்போது 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் காற்றுத்தடை 41 விழுக்காடு கூடும். அதே காற்று பின்னால் இருந்தால் 34 விழுக்காடுதான் குறையும். போக வரச் சேர்த்துப் பார்த்தால் நட்டமே. ஆகையால் சென்னைக்குப் போக வேண்டியவர் காற்று எழுமுன் காலையிலேயே போய்விட்டு, மாலையில் காற்றோடு திரும்புவது சிறந்தது. இது தலைமை அலுவலகக் கூட்டங்களைக் காலையில் வைத்துக்கொள்வதற்கான, இதுவரை யாரும் முன்வைக்காத காரணமும் ஆகும்.

எடையைப் பற்றிய பகுதியில் நுணுக்கம் மிகுதி. வண்டியில் ஏறும் பொருள்கள் தேவையால் ஏறியவை, மறதியால் தங்கியவை, பக்தியால் கட்டியவை என மூவகை. முதல்வகையில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் அடங்கும், அவற்றில் கைவைக்கலாகாது. இரண்டாம் வகை டிக்கியில் வாழ்வது. இறக்க மறந்த 20 லிட்டர் தண்ணீர் கேன், வாடிக்கையாளருக்குக் காட்ட எடுத்துப்போய் அவரும் வேண்டாம் என்ற மாதிரி வார்ப்பு, 26 கிலோ அரிசி மூட்டை. அந்த மூட்டை 26 கிலோவாக இருப்பதற்கும் ஜி.எஸ்.டி.யே காரணம்: 25 கிலோ வரையுள்ள பைக்கு 2022இல் வரி வந்ததால் மூட்டை ஒரு கிலோ பெருத்தது. வண்டியை வரையறுத்த கவுன்சிலே அதில் ஏறும் அரிசிக்கும் எடை கூட்டியிருப்பது இத்துறையில் குறிப்பிடத்தக்க தொடர்ச்சி. இவ்வாறு 50 கிலோ சேர்ந்தால் நூற்றுக்கு ஒன்று அளவு மைலேஜ் குறையும். கூரையில் பொருத்திய கேரியர் இதனினும் கொடியது. அது காலியாக இருந்தாலும் காற்றைப் பிடிக்கும். திருப்பதிக்கு ஒருமுறை பெட்டி ஏற்றியதற்காக ஆண்டு முழுவதும் அபராதம் வசூலிக்கும். முன்புற இரும்புக் கம்பிக் காப்பை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டதால் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

மூன்றாம் வகைக்குரியவை முன்னே தொங்கும் எலுமிச்சை மிளகாய்ச் சரமும் டேஷ்போர்டு பிள்ளையாரும். சரம் 150 கிராமுக்கு மேல் போவதில்லை. 2100 கிலோவில் அது பதினாலாயிரத்தில் ஒரு பங்கு. காய்ந்தபின் இன்னும் குறைவு. ஆயுத பூஜை மாலை மட்டும் விலக்கு. பானெட்டுக்குக் குறுக்கே கட்டிய சாமந்தி மாலை வாடி உதிரும் வரை காற்றை வாங்கும். ரேடியேட்டர் வாயில் பூவிதழ் ஒட்டிக்கொள்வதும் உண்டு. மூன்றாம் நாள் அவிழ்த்துவிடுவதில் மதவிரோதம் எதுவும் இல்லை. டயருக்கடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சையை இக்கட்டுரையாளர் கணக்கில் சேர்க்கவில்லை. அது வண்டியில் ஏறுவதில்லை, வண்டிதான் அதன்மேல் ஏறுகிறது.

டயர் காற்றை மாதம் இருமுறை, காலையில், வண்டி ஓடிச் சூடாகுமுன் பார்க்க வேண்டும். சென்னை போய்வந்த சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால், விடிந்ததும் டயர் சோர்ந்து கிடக்கும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கொடுப்பவர்கள், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஜன்னலா ஏசியா என்ற பழைய விவாதத்தில், 60க்குக் கீழே ஜன்னல், மேலே ஏசி என்பது பொது முடிவு. சிப்காட்டுக்குள் உருக்காலைத் தூசி அந்த விவாதத்தை முன்னரே முடித்துவிட்டது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது இன்ஜினை அணைப்பதே முறை. ஏசியோடு பத்து நிமிடம் உறுமிக்கொண்டிருந்தால் 150 மில்லி அளவு போய்விடும். அது மூன்று முறை நின்று கிளம்பும் செலவு.

வலது பாதம் நான்கு நிலைகளில் காணப்படும்: வெறுங்கால், செருப்பு, ஷூ, சேஃப்டி ஷூ. தொழிற்பேட்டையில் நான்காவதே மிகுதி. இரும்பு முனையும் தடித்த அடியும் கொண்ட அக்காலணி, கீழே விழும் வார்ப்பிலிருந்து விரலைக் காக்க உருவானது. ஆக்ஸிலேட்டரின் மென்மையை விரலுக்கு உணர்த்துவது அதன் வேலையன்று. வெறுங்கால் உணர்ச்சியில் சிறந்தது, பிரேக்கில் வலிமை குறைந்தது. செருப்பு பெடலுக்கடியில் சிக்கும் இயல்புடையதால் முற்றிலும் தள்ளத்தக்கது. மெல்லிய அடியுள்ள ஷூ ஒரு ஜோடியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, வாசலில் காலணி மாற்றுவதே சரியான தீர்வு. காவலாளி நின்றுகொண்டிருக்கும் நேரத்துக்குள் அதனை முடித்துவிடலாம்.

இறுதியாக ஆள் எடை. மேற்சொன்ன எலுமிச்சை, மாலை, மூட்டை ஆகியவற்றுக்கு முந்தி எடுத்திருக்க வேண்டிய பொருள் இது. ஆனால் வழக்கில் இது ஆராயப்படுவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவரைச் சுமந்துசெல்ல 2100 கிலோ நகர்கிறது. பக்கத்து இருக்கையில் டிபன் பை. பின்னிருக்கையில் ஹேங்கரில் ஒரு சட்டை. இவ்வாறு ஓடும் வண்டி லிட்டருக்கு 11 கொடுத்தால், ஆளுக்கும் 11. மேலும் நால்வர் ஏறினால் 280 கிலோ கூடும். 11 என்பது 10.5 அளவுக்கு இறங்கலாம். ஆளுக்கு வகுத்தால் அது லிட்டருக்கு 52. இந்த இயலில் கூறிய வேறு எந்த வழியும், எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தாலும், அந்த எண்ணை எட்டுவதில்லை. 125 சிசி பைக்கில் ஒருவர் தனியே போகும் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

காலை எட்டு மணிக்குக் கவரைப்பேட்டை நிறுத்தத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் போக வேண்டியவர்கள் நாலு பேருக்குக் குறையாமல் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.